நுரை இருந்ததா?

எங்கள் கொருக்குப்பேட்டையில் வாய் வழியாக ரத்தம் வந்தால் அதற்கு ஒரே சொல்தான்: கக்கினார். வாந்தியோ இருமலோ, எல்லாம் கக்குவதுதான். நைனாவின் வேலை அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

நைனா துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்குபவர். அவர் துப்பினால் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். ஒருநாள் கூடையோடு பலகையில் இறங்கும்போது இருமி, சிவப்பாகத் துப்பினார். மேஸ்திரி பார்த்துவிட்டார். குத்தகைக்காரரின் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வரச் சொன்னார். வயிற்றுப் புண் என்றால் சில நாள் ஓய்வு, பிறகு வேலை உண்டு. நுரையீரல் என்றால் அன்றோடு சரி.

"வவுத்துல புண்ணு, சோத்தோட வந்துச்சுன்னு சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத" என்று அம்மாவிடம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் நடந்தேன்.

"கக்கினாரு சாமி, சோத்தோட" என்றாள் அம்மா.

"வாந்தியா, இருமலா?" என்றார் டாக்டர்.

"கக்கினாருங்க."

டாக்டர் கம்பவுண்டரைப் பார்த்துச் சிரித்தார். "இதுங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் எங்க தெரியப்போவுது!"

எனக்குத் தெரியும். முதலுதவி வகுப்பில் முதல் மதிப்பெண் என்னுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆளும் நான்தான். முந்தின ராத்திரி வீட்டில் நைனா இருமித் துப்பியதையும் பார்த்திருந்தேன்.

"இருமலில் வந்தது சார். நல்ல சிவப்பு. நுரையோடு இருந்தது. வயிற்றிலிருந்து வந்தால் காபி வண்டல் மாதிரி கறுத்திருக்கும்."

"சபாஷ்" என்றார் டாக்டர். நைனாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று.

நைனா என்னை அடிக்கவில்லை. அடுத்த முறை இருமியபோது பீங்கான் கிண்ணத்தை நீட்டினார். "டாக்டரம்மா, வா. நொரை கீதான்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். "கீது நைனா."

"சபாஷ்!" டாக்டரின் குரலிலேயே சொன்னார்.

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தால் உரக்கக் கூப்பிட்டார். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போக வேண்டும். அம்மா ஒருநாளும் தடுக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் கிண்ணம் பாதி நிறைந்தது. கூப்பிடாமலே போய் நின்றேன். கண்ணாலேயே கேட்டார். நுரை கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நொரை இல்ல நைனா. வவுத்துப் புண்ணுதான்."

கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இத அங்க சொல்ல வாய் வரலியாடி?"

அதன்பின் சாகும்வரை கிண்ணத்தை அம்மாவிடம்தான் நீட்டினார்.