எண்ணாமல் சொன்ன ஒரு நாமம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தயங்கினேன். சாமி நாமத்தை வைத்து நான் செய்த தப்பு இது. படிப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்தான்.

கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலிருந்தே அப்பளம் இடுகிறவள் நான். எண்ணிக்கை தவறாமல் இருக்க எனக்கு ஒரு பழக்கம். "முருகா ஒண்ணு, முருகா ரெண்டு" என்று அப்பளத்துக்கு ஒரு நாமம். வேலையும் ஆச்சு, பக்தியும் ஆச்சு என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

அந்தத் தை மாதம் கல்யாண வேலை குவிந்தது. தோள் கடுத்தது, தூக்கம் போயிற்று. படுத்தாலும் காதுக்குள் அப்பளக் குழவி உருண்டுகொண்டே இருந்தது. பிள்ளைகள் "அம்மா" என்றாலே எரிந்து விழுவேன். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கைகூப்பி, "முருகா" என்று வாயெடுத்தேன். கூடவே "இருநூத்திப் பதினொண்ணு" என்று வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். "என்னக்கா, சாமிகிட்ட கணக்கு ஒப்பிக்குதியளோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி சொன்னேன், அடுத்த எண் வந்தது. கஷ்டத்தில் கூப்பிட எனக்கு இருந்தது அந்த ஒரு பெயர்தான். அதுவும் போய்விட்டதே என்று வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் மாவுச் சட்டியை எடுத்து உள்ளே வைத்தார். "போதும்ட்டி. நாளைக்கு அப்பளமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆத்துல போயி ஆற அமரக் குளிச்சிட்டு வா."

காலையில் படித்துறைக்குப் போனேன். அங்கேயும் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணித்தான் முங்கினேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் சேலையை அலசிக் காயப்போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

"என்ன மதினி, குளிக்கியளா, மூட்டை எண்ணுதியளா?"

என்னமோ, அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டு, "பைய மல்லாக்கப் படுங்க. காது ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கட்டும். தலைய நான் தாங்கிக்கிடுதேன்" என்றார்.

படுத்தேன். கரையின் இரைச்சல் அப்படியே நின்றது. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். யாரோ துணி அடிப்பது எங்கோ தூரத்தில் போல. நடுவில் என் நெஞ்சின் துடிப்பு. பழக்கதோஷத்தில் அந்த ஆற்றுச் சத்தத்தையும் எண்ணப் பார்த்தேன். எது முடிந்து எது தொடங்குகிறது என்று தெரிந்தால்தானே எண்ண! விட்டுவிட்டேன். எப்போது என்று தெரியாது, "முருகா" என்றேன். பின்னால் எதுவும் வரவில்லை.

எழுந்து, "ரொம்ப நேரம் ஆச்சோ?" என்று கேட்டேன்.

"யாரு பாத்தா? என் சேலை காஞ்சிரிச்சு."

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வேலையைப் பாதியாகக் குறைத்தேன். காலையில் ஆற்றுக்குப் போவதை விடவில்லை. தூக்கம் பைய பையத் திரும்பியது. இப்போது அப்பளத்தைப் புளியங்கொட்டை வைத்து எண்ணுகிறேன். அந்த அம்மாவைப் பிறகு நான் பார்க்கவேயில்லை.

என்னைப்போல் ஓய்ந்துபோனவர்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். இத்தனை முறை முங்கினாள், இத்தனை நாளில் குணமானாள் என்று எண்ணிக்கை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்; எண்ணாமல் சொன்ன அந்த ஒரு நாமத்தில்தான் என் சாமி எனக்குத் திரும்பக் கிடைத்தான்.