பேர் வெட்டிய பிறகு

அம்மாவின் பேரை வெட்டச் சொன்னவள் நான்தான். தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெறுவதை அப்படித்தான் சொல்வார்கள், செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் இருந்து பேரை வெட்டுவது என்று. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். டீச்சரின் அம்மா தலையில் கூடையை மாட்டிக்கொண்டு, அட்டை கடித்த காலோடு மலையேறுவது எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே அதை அக்கறை என்று சொல்லிக்கொண்டேன்.

அம்மாவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலத்தில் கால் வீங்கிவிடும். ஆனாலும் பிடிவாதமாக மறுத்தாள்.

“பேரு இருக்கிற வரைக்குந்தான் புள்ள நாம தோட்டத்து ஆளு. ஒரு அவசரம்னா தோட்டத்து லொறி வரும். பேரு போச்சுன்னா யாரு வருவா?”

“ஏன், நான் இல்லையா?” என்றேன். என்ன ஒரு வாய் எனக்கு!

விண்ணப்பத்தை நானே நிரப்பி, அம்மாவின் கையைப் பிடித்துக் கையெழுத்தும் வாங்கினேன். சேமலாப நிதி வந்தது. தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக் கூரைக்குத் தகரம் மாற்றியதோடு அது தீர்ந்தது. மாதாமாதம் ஓய்வூதியம் என்று தோட்டத்து ஆளுக்கு எதுவும் கிடையாது. அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவுக்கு எழுபது வயது ஆக வேண்டும் என்றார் கிராம சேவகர். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

அதற்குப் பிறகும் அம்மா விடியக்காலையில் பெரட்டுக்குப் போய்வந்தாள். எல்லோரையும் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக்கொடுக்கும் இடம் அது. கூடை இல்லாமல் ஓரமாக நின்று, கடைசிப் பேர் வரைக்கும் கேட்டுவிட்டுத் திரும்புவாள். “சும்மாதான் போனேன்” என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். சத்தம்கூடப் போட்டிருக்கிறேன்.

ஒரு வருடத்துக்குள் படுக்கையில் விழுந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் லொறி கேட்டுத் தோட்டத்து ஆபிஸுக்கு ஓடினேன். கிளாக்கர் ஐயாவின் மகள் என்னிடம் படித்தவள்.

“தப்பா நெனைக்காதீங்க டீச்சர். பேரு இருக்கிறவங்களுக்குத்தான் லொறி. குடுத்தா தொர என்னையத்தான் கேப்பாரு” என்றார் கிளாக்கர் ஐயா.

அந்தத் தடவை அம்மா என் தோளில் சாய்ந்தபடி கீழே பெரிய ரோட்டுவரை நடந்தே வந்தாள். அடுத்த தடவை நடக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. பேரைத் திரும்பப் போடும்படி தோட்டத்து மேனேஜரான துரைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். வயது கடந்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

“போட்டாச்சும்மா. பேரு திரும்பப் போட்டாச்சு.”

“அப்ப நாளைக்கு பெரட்டுல கூப்பிடுவாங்களா?”

“சுகமில்லாம லீவுன்னு எழுதியிருக்காங்க.”

அம்மா சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். பொய் சொன்னதற்காக எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

பதினைந்து நாள் கழித்து, அடைமழையில், மூச்சு இழுக்க ஆரம்பித்தது. லயத்து ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்ததால் ஆட்டோ மேலே ஏறாது என்றார்கள். அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, பக்கத்து வீட்டு ஆட்கள் நாலு பேர் நாலு முனையையும் பிடித்துத் தூக்கினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன்.

“லொறி வந்திருச்சா?” என்றாள்.

“கீழ நிக்குதும்மா.”

கீழே ஆட்டோ நின்றது. அம்மா அதைப் பார்த்தாள்.

“பேரு போடலியா புள்ள?”

கோபமில்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் அவள் காலைத் தூக்கி ஆட்டோவுக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் வார்டில் இறந்துபோனாள். அதற்கிடையில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாமலா, பேசப் பிடிக்காமலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உடலைக் கொண்டுவரத் தோட்டத்து லொறி வந்தது. நான் கேட்கவேயில்லை. கிளாக்கர் ஐயாவே அனுப்பி வைத்திருந்தார்.

“சாவுக்கு லொறி குடுக்கிறது தோட்டத்து வழக்கம் டீச்சர். அதுக்கு யாரும் பேரு பாக்க மாட்டாங்க” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஆட்டோ ஏறாத அந்த ரோட்டில் லொறி ஏறி, எங்கள் வாசல்வரை வந்து நின்றது.