கோழிக்குப் பேன் பார்த்த சாயங்காலம்

மஸ்கெலியாவில் ஆடு மாட்டு மருந்தும் விற்கிற பாமசிக்கு இன்றைக்குப் போயிருந்தேன்.

"தம்பி, பேன் மருந்து இருக்குங்களா?"

"மகளுக்கா அக்கா?" என்று ஷாம்பு போத்தலையும் பேன்சீப்பையும் எடுத்து வைத்தார். "தலை முழுக்க இருக்கா?"

"தலையில இல்லங்க, றெக்கைக்கு அடியிலதான் மொய்க்குது."

எனக்குப் பின்னால் மருந்து வாங்க நின்ற ஒரு அம்மா சிரித்தே விட்டார். கோழிக்கு என்று முதலிலேயே சொல்லாதது என் தப்புதான்.

கடைக்காரர் வேறு பவுடர் தந்தார். "பொழுது சாய்ஞ்சு கோழி அடைஞ்ச பிறகு போடுங்க. கூட்டையும் சுத்தம் பண்ணுங்க. ஈர் பொரிக்கும், பத்து நாள் கழிச்சு மறுபடி போடணும்."

கூட்டில் கிடந்த பழைய மரத்தூளை அள்ளி எரித்தேன். அடைந்த ஆறு கோழியையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்து இறகை விலக்கிப் பவுடர் போட்டேன். வகிடு எடுக்கிற மாதிரியே விரல் போனது. மகள் ஜோர்தானுக்குக் கார்மன்ட்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது.

கடையில் நடந்ததை அவளுக்கு வாய்ஸ் அனுப்பினேன். சிரித்துவிட்டு, "எனக்கும் ஒருநாள் பார்த்து விடுங்கம்மா" என்றாள்.

"தைப்பொங்கலுக்கு லீவு தருவாங்களா?" என்று இன்னொரு வாய்ஸ் அனுப்பினேன். அதையும் அவள் கேட்டுவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு பேன் பார்க்கக் கூடாது. இன்றைக்குக் கோழிக்காக அதை மீறிவிட்டேன். மகள் மட்டும் வரட்டும், எந்த நேரமானாலும் மடியில் படுக்க வைத்துப் பார்ப்பேன்.

சேவல் கொடி வைத்திருக்கிற எங்கள் முருகன் கோபிக்க மாட்டார். உங்கள் வீட்டில் இந்த வழக்கம் எப்படிங்க?