அழித்த பதில்

தமிழைத் தப்பாக எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. புனே தமிழர்களின் இணைய மன்றத்தில் யார் எதை எழுதினாலும் எனக்கு அறிவிப்பு வரும்படி வைத்திருந்தேன். உதவ அல்ல, பிழை பிடிக்க.

அன்று ஹிஞ்சேவாடிக்குப் போகும் கம்பெனி கேப் நெரிசலில் நின்றுவிட்டது. எரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோது போன் ஒலித்தது. வானவடியிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள்: "அம்மாவுக்கு மூட்டு வழி தாங்க முடியல. நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?"

'வலி' என்று எழுதத் தெரியவில்லை அவளுக்கு. "வழி வேண்டுமென்றால் டிராபிக் போலீஸைக் கேள். தமிழே தெரியாதவளுக்கு இங்கே என்ன வேலை?" என்று பதில் போட்டேன்.

அடுத்த நிமிடமே அது எனக்கே அசிங்கமாகப் பட்டது. அழித்துவிட்டேன். மன்றத்தில் அழித்தாலும், போட்ட பதில் அப்படியே அவளுக்கு மெயிலில் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது.

மாலையில் அவள் எழுதியிருந்தாள்: "அண்ணா, நான் இங்கயே பொறந்து வளர்ந்தவ. தமிழ் சரளமா படிக்க வராது, போன்ல பேசித்தான் எழுதுறேன். மெயில்ல வந்த உங்க பதில அம்மாகிட்டதான் குடுத்து சத்தமா வாசிக்கச் சொன்னேன். முழுசா வாசிச்சாங்க. அப்புறம் அவங்களே திருத்திக் குடுத்தாங்க. மூட்டு வலி. இப்ப சரியா?"

அதில் ஒரு பிழையும் இல்லை.