ஒரே வீட்டில் நான்கு வேதமாணிக்கம்

இந்தப் பயணம் போய் வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்த கையோடு எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மடிக்கணினியைத் திறப்பேன், முதல் பத்தியிலேயே நின்றுவிடுவேன். பழைய தேவாலயப் பதிவேடுகளில் தங்கள் முன்னோரைத் தேடப் போகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் இப்போது எழுதுகிறேன். அங்கே பார்த்தது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. எழுத்து அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். என் மகள் ரூத்துக்கு ஒன்றேகால் வயது. பிறந்த புதிதில், தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் அவள் உடம்பில் இல்லை என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மாதம் ஒரு முறை அதை ஏற்றுகிறோம், நன்றாக இருக்கிறாள். இது அப்பா, அம்மா இரண்டு பேர் வழியாகவும் வந்தால்தான் பிள்ளையைப் பிடிக்கும் என்றார் மருத்துவர். எங்கள் குடும்பத்தில் தலைமுறைகளாகச் சொந்தத்துக்குள்தான் கல்யாணம்; நானும் என் கணவர் வினோத்தும் சொந்தம். அவர் என் அத்தை மகன், அதாவது என் மாமியார் என் அப்பாவின் உடன்பிறந்த தங்கை. குடும்பத்தில் கைக்குழந்தை ஏதாவது இப்படி ரத்தம் போய் இறந்திருக்கிறதா என்று மருத்துவர் கேட்டபோது, அத்தை பட்டென்று இல்லை என்றார்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் என் தங்கை ஷீபாவுக்கும் வினோத்தின் தம்பிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டார் பேசுவதற்கு முன்பே ஒருவரையொருவர் விரும்பியவர்கள். அவர்கள் இருவரையும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. நிச்சயம் செய்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஊர் என்ன பேசும் என்பது ஒன்று. இந்த வியாதி என் அம்மா வழியில் வந்தது, தன் பிறந்த வீட்டில் கிடையாது என்பது இன்னொன்று. இரண்டு வழியும் வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை ஞாபகப்படுத்தினால், "டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு" என்று முடித்துவிடுவார்.

அத்தையை அசைக்க எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. குடும்ப பைபிளின் முதல் தாளில், என் அப்பாவுக்கும் அத்தைக்கும் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் இருக்கிறது: ஞானப்பூ. அவருக்கு வேதமாணிக்கம் என்று ஒரு மகன், இரண்டு மகள்கள். அந்த வேதமாணிக்கம்தான் என் தாத்தா. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. ஞானப்பூவின் ஊர்க் கோயிலில் பழைய பதிவேடுகள் பத்திரமாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, போதகரிடம் தொலைபேசியில் பேசி, கடிதமும் அனுப்பினேன். சனிக்கிழமை வரச் சொன்னார். நான் டிக்கெட் போடும்போது அத்தை, "எனக்கும் சேத்துப் போடு. ஒண்ணும் இல்லன்னு நானே காட்டுதேன்" என்றார்.

எழும்பூரில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலை திருநெல்வேலி சந்திப்பு. கீழ்ப் படுக்கை கட்டாயம் வேண்டும் என்று முன்பே பதிந்திருந்தேன். ரூத்தைச் சுற்றி நான்கு தலையணை வைத்தும் எனக்கு உறக்கம் இல்லை. அவள் கையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தாலும் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பேன். அன்று பார்த்து கொசு வேறு. பாளையங்கோட்டையில் அறை வாடகை ஆயிரத்து நானூறு. நாள் முழுவதற்கும் கார் இரண்டாயிரத்து இருநூறு. ஊர், செய்துங்கநல்லூர் தாண்டி உள்ளே, சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர்.

சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் வாழையும் நெல்லும். தெற்கே திரும்பியதும் பனை. குழந்தை மடியில் இருக்கிறது, பள்ளத்தில் விடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதில் ஓட்டுநர் பொறுமை இழந்துவிட்டார்.

"யக்கா, இதுக்கு மேல பைய போனா வண்டி நின்னுரும்."

"நிக்கட்டும்லே," என்றார் அத்தை. "இவளுக்காவ நடந்தே போவோம். எங்க வம்சத்துல ரத்தம் எல்லாம் இரும்பு, கேட்டியா. அதத்தான் இவ தோண்டிப் பாக்க வந்திருக்கா."

ஓட்டுநர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றும், போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். ஐயர் இளைஞர். தன் வீட்டு முன்னறையில் மேசை போட்டு இரண்டு பதிவேடுகளை எடுத்து வைத்திருந்தார். ஒன்று ஞானஸ்நானம், இன்னொன்று அடக்கம். படம் எடுக்கக் கூடாது, பேனா கூடாது, பென்சிலில் குறித்துக்கொள்ளலாம் என்றார். அத்தை ரூத்தை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் அரை மணி நேரத்தில் தாத்தா கிடைத்துவிட்டார். வேதமாணிக்கம், தாய் ஞானப்பூ. எனக்கு ஒரே சந்தோஷம். குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். ஒன்றரை வருடம் தள்ளி மறுபடியும் வேதமாணிக்கம், தாய் ஞானப்பூ, அதே தகப்பன் பெயர். யாரோ இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இன்னும் சில பக்கம் தள்ளி மூன்றாவது. அப்புறம் நான்காவது. ஊரில் இதே பெயர்களில் வேறு குடும்பம் ஏதும் உண்டா என்று ஐயரைக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அத்தை தலையை நீட்டிப் பார்த்தார்.

"அதே வீடுதான் புள்ள. மூத்தவனுக்கு தாத்தா பேரு வச்சாவணும்லா. போன பிள்ளை பேர அடுத்ததுக்கு வச்சிருவாங்க. பேரு அத்துப் போவக் கூடாதுல்லா. நாங்களும் அப்படித்தான வச்சோம்."

ரூத்தின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, சோறு வடிப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பொத்தானில் இருந்த விரல் அப்படியே நின்றது. ஐயர் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன். அதில் இறந்த காரணத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. பக்கம் முழுக்கச் சுரம், பேதி, அம்மை. முதல் வேதமாணிக்கத்துக்கு நேரே "தொப்புளில் ரத்தம்" என்று இருந்தது. இரண்டாவதற்கும் அதே. மூன்றாவது பதினொரு மாதக் குழந்தை, "விழுந்து, ரத்தம் நில்லாமல்". நான்காவது மட்டும் அடக்கப் பதிவேட்டில் இல்லை. அதுதான் என் தாத்தா. பைபிளில் ஒரே ஒரு முறை எழுதிய பெயருக்குப் பின்னால் மூன்று குழந்தைகள். ஞானப்பூ எப்படி மறுபடி மறுபடி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று இன்றுவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அத்தையிடம் அந்தக் கட்டத்தைப் படித்துக் காட்டினேன். அவர் ரூத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"எம் மூத்தவனுக்குப் பத்தாம் நாளு கொடி விழுந்துச்சு. துணி நனைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மஞ்சப்பொடி வச்சோம், என்னென்னமோ வச்சோம். விடியக்காலம் அடங்கிட்டான். பொறவு வினோத் பொறந்தான், அதே பேர வச்சோம். பேரு நிக்கும்போது, செத்துட்டான்னு எப்படிட்டி சொல்லுவேன்?"

வினோத்துக்கு ஞானஸ்நானப் பெயர் அருமைநாயகம், அவருடைய தாத்தா பெயர். அந்தப் பெயரில் தனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தது, இத்தனை வயதுக்கும் அவருக்குத் தெரியாது. ரூத்தின் தொப்புள் துணி நனைந்த அன்று அத்தை ஆஸ்பத்திரி அறையை விட்டு வெளியே போய், நான் கூப்பிட்டும் உள்ளே வராமல் நின்றதை நினைத்தேன். ரத்தம் என்றால் பயம் போல என்று அன்று நினைத்திருந்தேன். பிள்ளையைப் பெற்று பத்து நாள் ஆன என்னை இப்படித் தனியே விட்டுப் போகிறாரே என்று கோபப்பட்டும் இருந்தேன்.

அத்தை என் அப்பாவுக்குப் போன் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணே, நான் கோயில்ல இருந்து பேசுதேன். கல்யாணத் தேதிய தள்ளி வையி. ரெண்டு பிள்ளைகளுக்கும் மொதல்ல ரத்தம் பாக்கணும். ஏன்னு இப்பம் கேக்காத, நேர்ல வந்து சொல்லுதேன்."

திரும்பும் வழியில் கருங்குளம் பக்கம் போகலாமா, ஆறு நன்றாக இருக்கும் என்று ஓட்டுநர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஆகவே, ஊர்சுற்றிப் பார்க்கும் இடங்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் போகாதீர்கள்; ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள், ஐயருக்கு அன்று மூச்சுவிட நேரம் இருக்காது. பழைய தாள் தூசி தும்மலைக் கிளப்பும், முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர் கிடைத்ததும் முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். அடுத்த பத்து வருடத்தையும் திருப்புங்கள், அடக்கப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ரூத்தைப் போல ஒரு பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் மருத்துவரின் கடிதத்தைக் கையிலேயே வைத்திருங்கள். ரத்தம் ஏற்றும் வசதி பாளையங்கோட்டையில் எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே விசாரித்து வைத்திருங்கள். கிராமத்துக்குள் கைபேசி சிக்னல் அவ்வளவாக இல்லை.

பரிசோதனை முடிவு போன மாதம் வந்தது. ஷீபாவிடமும் அந்தக் குறை வெளியே தெரியாமல் மறைந்திருக்கிறது, வினோத்தின் தம்பியிடமும் இருக்கிறது. மருத்துவர் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து, கர்ப்பத்திலேயே பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது என்றுதான் சொன்னார். கல்யாணத்தை நிறுத்தியது அத்தை. இரண்டு வீட்டாரும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். அந்த இரண்டு பேரிடம் யாரும் கேட்கவில்லை.

ஷீபா இப்போது என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியபோது, "நீ தெரியாமக் கட்டிக்கிட்டு ரூத்தத் தூக்கி வச்சிருக்க. எனக்கு மட்டும் ஏன்க்கா முன்னாடியே தெரியணும்?" என்று கேட்டாள்.

இந்த சனிக்கிழமை மதுரைக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். ஷீபா கதவைத் திறக்காவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன். எல்லாம் தெரிந்த பிறகும் கட்டிக்கொள்வோம் என்று அவர்கள் இருவரும் சொன்னால், அத்தையிடம் போய்ப் பேச வேண்டியதும் நான்தான்.