ஏழாம் விதி

பதினாறு வருடங்களாக மொன்றியலில் குடியேறிய ஊர்க்காரரின் ஒன்றியத்துக்கு ஒரே தலைவர் உருத்திரமூர்த்திதான். தேர்தல் நடக்காமல் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யாராவது அவர் பெயரைச் சொல்வார்கள், இன்னொருவர் ஆமோதிப்பார், மண்டபமே கை தட்டும், பிறகு எல்லோரும் கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்பார்கள். கை தட்டுவதும் வாக்களிப்பதும் வேறு வேறு என்று மொன்றியலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட்ட ஒரே தங்கை சிவநேசத்துக்கும் தோன்றவில்லை.

சிவநேசம் லாசால் பகுதியில் ஒரு கார்டெரியில், பகல்நேரக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். ஐம்பது வயதில், பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடித்தே தீருவதென்று மாலை வகுப்பில் சேர்ந்தாள். அவளுக்குத் தோதான நேரத்தில் இடம் இருந்தது ஒரே பாடத்தில்தான்: அமெரிக்க அரசியலின் அடிப்படைகள்.

"கனடாவில இருந்துகொண்டு அமெரிக்காவைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்று அண்ணன் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

வாசிக்கக் கொடுத்தவை இருநூறு வருடத்துக்கு மேல் பழைய கட்டுரைகள். ஒரு வாக்கியம் தொடங்கினால் பக்கம் முடிந்தாலும் முடியாது. மெட்ரோவில் தலையிடிக்க வாசித்து ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்: சட்டம் செய்கிறவர், நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, எவ்வளவு நல்லவரானாலும் கூடாது. அட, இது நம் கார்டெரி விஷயமல்லவா! கேக்கை வெட்டுகிற பிள்ளை கடைசியாகத்தான் துண்டு எடுக்க வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம்.

அந்த மாதமே வினை வந்தது. கலைவிழாவில் தங்கள் நாடகத்தைத் தலைவர் நிறுத்திவிட்டார் என்று வினோஜா என்ற இளம்பெண் முறைப்பாடு கொடுத்தாள். விசாரித்தவர் யார்? தலைவர். தலைவர் செய்தது சரியென்று தீர்ப்புச் சொன்னவர்? அவரேதான். சிவநேசத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றாள். தலைவருக்கு இரண்டு தவணைதான், வாக்கு இரகசியச் சீட்டில், ஏழாம் விதியாக, தலைவரின் முடிவையே தள்ளக்கூடிய தனி நடுவர் என்று, தான் எழுதிக்கொண்டு வந்த புது விதிகளை வாசித்தாள்.

"நான் பிழையானவன் எண்டோ சொல்லுறாய், நேசம்?"

"இல்லை அண்ணை. நீங்கள் நல்லவர் எண்டபடியால்தான் இப்பவே எழுதச் சொல்லுறன். உங்களுக்குப் பிறகு ஆர் வருவினமோ, ஆருக்குத் தெரியும்?"

விதிகள் நிறைவேறின. அண்ணன் தன் குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு போனார். பொங்கலுக்கு வரவில்லை. அவள் பட்டம் வாங்கிய நாளிலும் வரவில்லை. இந்த ஊரில் இருந்த ஒரே உடன்பிறப்பையும் தொலைத்துவிட்டேனே என்று பட்டச் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருடத் தேர்தலில் சீட்டுகள் அவளையே தலைவியாக்கின. நடுவர் பதவிக்கு யாரோ உருத்திரமூர்த்தியின் பெயரைச் சொன்னார்கள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை, இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தங்கையின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் சிவநேசம், செயற்குழுவைக் கேளாமல், விளையாட்டுப் போட்டியைப் பக்கத்து நகரான லவாலுக்கு மாற்றிவிட்டாள். இம்முறையும் முறைப்பாடு கொடுத்தவள் வினோஜாதான்.

சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. வாசலில் அண்ணன், கையில் கடிதம்.

"தலைவரின்ர முடிவு செல்லாது," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "செயற்குழுவைக் கேக்காமல் மாத்தினது பிழை. ஏழாம் விதி."

அவளுக்குச் சுருக்கென்றது. நான் போட்ட விதி எனக்கேயா?

"ஈமெயிலில அனுப்பியிருக்கலாமே அண்ணை."

"அனுப்பினால் தேத்தண்ணி ஆர் தாறது?" என்றபடி, ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, அவள் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.