கயிறு போட்டு அளந்த சக்கரம்

அறுபதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாதம், லால்பேட்டையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கடலூர் முதுநகரில் ஒரு பட்டறை வைத்திருந்தேன். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு வெல்டிங் செட், இவற்றுக்கெல்லாம் மேலே நிறையத் தலைக்கனம். படித்த எஞ்சினீயர் வந்து ஏதாவது சொன்னால்கூட, "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு நான் நினைத்ததைத்தான் செய்வேன்.

அந்த வருஷம் ஆனியில் லால்பேட்டையிலிருந்து ஒரு பாய் என்னைத் தேடி வந்தார். மலாயாவில் பல வருஷம் கடை நடத்திவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒரு நெல் மில்லும் வீராணம் ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலமும் வாங்கியிருந்தார். ஏலத்தில் ஒரு பழைய டிராக்டரையும் எடுத்திருந்தார். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற அந்தக் காலத்து வண்டி. எஞ்சினில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் நிலம் முழுக்கக் களிமண். தண்ணீர் கட்டிச் சேறு கலக்க இறங்கினால் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும். வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும். அப்புறம் நாலு ஜோடி மாடு பூட்டி இழுத்து வெளியே போட வேண்டும்.

"மாட்டுக்குப் பதிலாத்தான் டிராக்டர் வாங்குனேன். இப்ப டிராக்டருக்காக மாடு வச்சிருக்கேன் தம்பி" என்றார் பாய். அவர் சிரிக்கவில்லை, என்னால்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் தள்ளுகிற வண்டிகளுக்கு இருப்பது போல இரும்புப் பட்டை போட்டுவிடலாமா என்று முதலில் யோசித்தேன். எடை ஜாஸ்தியாகிவிடும், வரப்பைத் தாண்டும்போது வரப்பே இருக்காது என்று அதைக் கைவிட்டேன். பிறகு தோன்றியதுதான் நாலு சக்கர யோசனை. பட்டாளத்தில் கழித்துக்கட்டிய லாரிகளின் சாமான்கள் அப்போது மெட்ராஸில் தாராளமாகக் கிடைக்கும். அந்த லாரிகளில் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அப்படி ஒரு முன் அச்சைக் கொண்டுவந்து டிராக்டருக்கு மாட்டினேன். எஞ்சினின் சுற்று முன்னாலும் போக, வண்டியின் நடுவில் பல்சக்கரப் பெட்டி ஒன்று செய்து வைத்தேன். அதில் ஒரு லீவர். தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும். எடுத்துவிட்டால் பின்னால் இருக்கும் இரண்டு மட்டும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. டிராக்டரின் பின் சக்கரம் பெரியது, முன் சக்கரம் சின்னது. பெரியது ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் சின்னது எத்தனை சுற்று சுற்றினால் இரண்டும் ஒரே தூரம் போகும் என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி பல் வெட்ட வேண்டும். நான் வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்தேன். கணக்கு அத்தனை சுத்தமாக வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பல்லை வெட்டினேன்.

பாயின் டிராக்டரை ஓட்டியவர் என் வயதுக்காரர், பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம். அந்தப் பக்கத்து வழக்கப்படி பாயை மாமா என்றுதான் கூப்பிடுவார். வேலை நடந்த இரண்டு மாதமும் வாரம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து பார்ப்பார், நொச்சு நொச்சென்று கேள்வி கேட்பார். நான் கயிறு போட்டு அளந்த அன்றும் இருந்தார். "கீழ எறக்குனா டயரு அமுங்குமே மேஸ்திரி, அப்பவும் இதே அளவுதான் வருமா?" என்று கேட்டார். ஓட்டுகிற வேலையை நீங்கள் பாருங்கள், செய்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். அவர் டீ வாங்கி வரப் போனார்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை காலை வெள்ளோட்டம். நாற்றங்காலில் நாற்று தயாராக இருந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் வயது தாண்டி முற்றிவிடும். அதற்குள் சேறு கலக்கியாக வேண்டும். வழக்கமாக வண்டி சிக்கிக்கொள்கிற வயலிலேயே இறக்கச் சொன்னேன். மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள், என் மேல் அவ்வளவு நம்பிக்கை. டிரைவர் லீவரைத் தள்ளினார். முன் சக்கரம் சேற்றைக் கவ்வி இழுத்தது. வண்டி ஒரு தடவைகூட நிற்காமல் வயலின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. பாய் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு நின்றிருக்கலாம். மில்லுக்குத் திரும்ப ஒரு மைல் தார் ரோட்டில் போக வேண்டும். கடைத்தெரு வழியாகத்தான் பாதை. ரோட்டில் ஏறியதும் டிரைவர் லீவரை எடுக்கப் போனார். நான் தடுத்தேன். நாலு சக்கரமும் இழுப்பதை ஜனங்கள் பார்க்கட்டுமே என்று எனக்கு ஆசை. அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாமி புறப்பாடு மாதிரி நின்றுகொண்டு வந்தேன்.

பாதி வழியில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஸ்டேரிங் மல்லுக்கு நிக்குது மேஸ்திரி. முன்னாடி ஒரு பக்கம், பின்னாடி ஒரு பக்கம் இழுக்கற மாதிரி இருக்கு. எடுத்துடட்டுமா?"

புது சாமான் அப்படித்தான் இருக்கும், லீவரில் கை வைக்காதீர்கள் என்று எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். கடைத்தெருவுக்குள் நுழைந்து, டீக்கடைக்கு நேராக வந்தபோது வண்டிக்கு நடுவில் டமாரென்று ஒரு சத்தம். நான் செய்த பெட்டி வாய் பிளந்து, பல்சக்கரத்தின் பற்கள் எண்ணெயோடு ரோட்டில் கொட்டின.

எங்களுக்கு முன்னாலேயே சைக்கிளில் வந்து கடை வாசலில் நின்றிருந்த பாய் ஓடி வந்தார். என்ன ஆச்சு என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் இறங்கி வந்து, "என் தப்புதான் மாமா. ரோட்டுக்கு வந்ததும் லீவர எடுக்கணும், மறந்துட்டேன்" என்றார்.

பாய்க்கு நாற்றின் கவலை. கோபம் தலைக்கேறிவிட்டது. முப்பது பேர் வேடிக்கை பார்க்க, கடைத்தெருவில் வைத்து டிரைவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். "நாளைலேருந்து வண்டிப் பக்கமே வராத" என்று முடித்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் பேசாமல் இருந்தேன். பாயின் கோபம் தணியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மை என்னவென்றால், காலையில் கிடைத்த பேரை அதற்குள் இழக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை மில்லில் பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வராதே என்று சொல்லப்பட்டவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எதிரில் குந்தினார். சற்று நேரம் உடைந்த பல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் வண்டியை ஒரு சுற்று உருட்டிப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். இந்த முறை நான் மறுக்கவில்லை. டயரிலும் தரையிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு, மில் ஆட்களை வைத்துத் தள்ளினோம். முன் சக்கரம் கயிறு காட்டிய தூரம்தான் போனது. பின் சக்கரம் ஒரு ஜாண் குறைவு. வண்டியின் எடையில் அந்தப் பெரிய டயர் அமுங்கியிருக்கிறது. நான் கணக்குப் போட்டதோ ஜாக்கியில் அந்தரத்தில் தொங்கிய சக்கரத்தை அளந்து. சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொண்டதால் அந்த ஒரு ஜாண் தெரியவில்லை. தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, முன்னும் பின்னும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துப் பெட்டியைப் பிளந்துவிட்டன.

அவர் பட்டறையில் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை. வெட்கத்தோடு கேட்டேன், ஏன் பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள் என்று.

"என் மேல கோவம்னா ரெண்டு நாள்ல போயிடும். ஒங்க மேல நம்பிக்க போச்சுன்னா அந்த முன் அச்ச கழட்டி எடைக்குப் போட்டுடுவாரு. அப்பறம் நான் பழையபடி சேத்துல கெடக்கணும். நேத்து எவ்ளோ நல்லா இழுத்துச்சு பாத்தீங்கல்ல?"

ரெண்டு நாளில் கூப்பிடவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்றேன். அவர் சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வீட்ல இன்னும் சொல்லல" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பாய் ஜும்மா தொழுகை முடிந்து வரும் வரை அவர் வீட்டு வாசலில் காத்திருந்தேன். உள்ளே அழைத்துப் போய்ச் சாப்பிட உட்காரச் சொன்னார். சாப்பாட்டில் கை வைக்கும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கயிறு, ஒரு ஜாண், லீவரில் கை வைக்காதீர்கள் என்று நான் கத்தியது, ஒன்றையும் விடவில்லை. பாயின் முகத்தில் கோபம் இல்லை. எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அப்போது அவர் சொன்னார்: "நான் அவன கடத்தெருவுல வச்சு ஏசுனேன் தம்பி. நீங்க என் வீட்டுக்குள்ள வந்து சொல்றீங்க. இத இங்க சொல்லி அவனுக்கு என்ன ஆவப்போவுது?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் சோற்றை என் பக்கம் தள்ளினார். "சாப்புடுங்க. சாப்புட்டுட்டு ரெண்டு பேருமாப் போவோம். ஏசுனது நான்தானே, நானும் வரணும்" என்றார்.

அன்று சாயங்காலம் அதே டீக்கடை வாசல். பாய் ஆளனுப்பி டிரைவரை வரவழைத்திருந்தார். முந்தின நாள் வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேராவது இருந்தார்கள். தப்பு என்னுடையது, இவர் எச்சரித்தும் நான்தான் கேட்கவில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெஞ்சில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பாய் டிரைவரின் தோளில் கை போட்டு, "நேத்து இங்க நின்னுதான் வாய வுட்டேன். மனசுல வச்சுக்காத" என்றார். டிரைவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. "வுடுங்க மாமா, டீ ஆறுது" என்று கிளாஸை எங்கள் கையில் திணித்தார்.

அடுத்த பஸ்ஸில் கடலூருக்குப் போய், பிளந்த பெட்டியை வெல்டிங் வைத்து, உருட்டி அளந்த கணக்குப்படி புதுப் பல் வெட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தேன். இரண்டு நாளில் நிலம் முழுக்கச் சேறு கலக்கியாகிவிட்டது. நாற்று வீணாகவில்லை. நடவுக்கு இறங்கிய பெண்கள் என்னைக் காட்டி, கடைத்தெருவில் பல்லைக் கொட்டியவர் இவர்தான் என்று பேசிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்திலிருந்து இதே வேலைக்கு இன்னும் சிலர் வண்டி கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றையும் அந்த டிரைவர் ஓட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பட்டறையை விட்டு வெளியே விட்டேன். மேஸ்திரி என்று கூப்பிட்டவர் எப்போது மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார் என்பது எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகும் எவ்வளவோ தப்பு செய்திருக்கிறேன். ஒப்புக்கொள்ள வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சொல்லிவிடலாமா என்றுதான் மனசு முதலில் இடம் பார்க்கிறது. ஆனால் என்னால் ஒருவர் யார் யார் முன்னால் தலை குனிந்தாரோ, அவர்கள் முன்னால் போய் நிற்கும் வரைக்கும் நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.